சீனத்து மின்சாரக் கார்: யார் நிலைப்பார்கள், யார் கவிழ்வார்கள்?

(ஸ்ரீபெரும்புதூர் வட்டார மோட்டார் தொழிலாளர்களின் ஞாயிறு வகுப்பில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது ஓர் இளந்தோழர் என்னைப் பிடித்துக் கொண்டார். எஞ்சினுக்கு வேண்டிய பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷமாக வேலை பார்ப்பவர். "அண்ணே, சீனாக்காரன் கார் உலகம் பூரா போகுதுங்கறாங்க. அதுல எஞ்சினே கிடையாதாம். அப்ப நான் செய்யற சாமான் எதுக்கு? என் வேலை இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த மூத்த தோழர் ஒருவர் குறுக்கிட்டார். "அட, சீனா ஜெயிக்கிறதுன்னா நமக்குச் சந்தோஷந்தானே! அதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப் போடறே?" என்றார்.

இரண்டு பேருக்கும் அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பொருளாதார நிபுணன் அல்ல. ஆகவே இந்த ஒரு மாதமும் கையில் கிடைத்த புள்ளி விவரங்களையெல்லாம் திரட்டிப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024-ம் வருஷத்தில் சீனாவில் 1 கோடி 28 லட்சம் "புதிய சக்தி வாகனங்கள்" விற்பனையாயின. 2025-ல் அது 1 கோடி 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிய சக்தி வாகனம் என்றால் முழுக்க மின்சாரத்தில் ஓடுவதும் உண்டு. பாட்டரியும் பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்தே இருக்கும் இரட்டை வண்டியும் உண்டு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவோம். இன்று சீனாவில் தயாராகி விற்பனையாகும் வண்டிகளில் ஏறத்தாழ பாதி இந்த ரகம்.

கம்பெனிகளில் முதலிடம் பி.ஒய்.டி.க்கு. 2025-ல் இந்தக் கம்பெனி ஏறத்தாழ 46 லட்சம் வண்டிகளை விற்றது. அவற்றில் முழு மின்சார வண்டி மட்டும் 22 லட்சத்துக்கு மேல். அமெரிக்காவின் டெஸ்லா அதே வருஷம் விற்றது 16 லட்சத்துச் சொச்சம். உலகின் முதல் மின்சாரக் கார் கம்பெனி என்ற பட்டம் கைமாறிவிட்டது.

கப்பலேறும் வண்டிகளின் கதையும் இதுதான். 2023-ல் ஜப்பானைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கார் ஏற்றுமதியில் சீனா முதலிடத்துக்கு வந்தது. 2025-ல் அங்கிருந்து வெளியே போன வண்டிகள் 70 லட்சம். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த 70 லட்சத்தில் புதிய சக்தி வாகனம் 26 லட்சந்தான். மீதியெல்லாம் பழைய பெட்ரோல், டீசல் வண்டிகள். உள்நாட்டில் மின்சாரக் கார் பெட்ரோல் காரை விரட்டுகிறது. விரட்டப்பட்ட பெட்ரோல் கார் வாங்குவோரைத் தேடிக் கப்பல் ஏறுகிறது. மின்சாரக் கார் தன் சொந்த விற்பனையால் மட்டும் உலகச் சந்தையைக் கலக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

இது எப்படி வளர்ந்தது?

1984-ல் ஷாங்காயில் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனியோடு கூட்டு ஆலைக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. "சந்தையைத் தருகிறோம், தொழில் நுட்பத்தைக் கொடு" என்பதே அன்றைய ஏற்பாடு. முப்பது வருஷம் முயன்றும் பெட்ரோல் எஞ்சினில் ஜெர்மனியையும் ஜப்பானையும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஓட்டத்தில் பின்தங்கியவன் என்ன செய்தான்? ஓடும் பாதையையே மாற்றினான்.

2001-லேயே மின்சார வாகன ஆராய்ச்சி சர்க்காரின் விஞ்ஞானத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஜெர்மனியில் ஆடி கம்பெனியில் எஞ்சினியராக இருந்து திரும்பிய வான் காங் 2007-ல் விஞ்ஞான மந்திரியானார். 2009-ல் "பத்து நகரம், ஆயிரம் வண்டி" என்ற திட்டம் வந்தது. முதலில் பஸ்ஸும் டாக்ஸியும் மாறின. அப்புறம் காருக்கு மான்யம், வாங்கும் வரியிலிருந்து விலக்கு, ஊருக்கு ஊர் சார்ஜ் போடும் நிலையங்கள் என்று வளர்ந்தது. நேரடி மான்யம் 2022 கடைசி வரை நீடித்தது. பத்து வருஷத்துக்கு மேல் பொறுமையாகப் பணம் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை லாபக் கணக்கு கேட்கும் பங்குச் சந்தையை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆனால் எல்லாம் சர்க்கார் கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்.ஏ.ஐ.சி., சாங்கான் போன்றவை சர்க்காருடையவை. பி.ஒய்.டி.யும் கீலியும் தனியார் முதலாளிகளுடையவை. பி.ஒய்.டி. 1995-ல் ஷென்ஜென் நகரில் வாங் சுவான்ஃபு தொடங்கிய பாட்டரிக் கம்பெனி. 2003-ல்தான் அது ஒரு சிறிய கார் ஆலையை வாங்கி இந்தத் தொழிலுக்கு வந்தது. அமெரிக்கக் கோடீஸ்வரர் வாரன் பஃபெட்டின் ஸ்தாபனமே 2008-ல் இதில் பங்கு வாங்கிப் பெருலாபம் பார்த்துவிட்டு, இப்போது முழுவதும் விற்றுக்கொண்டு வெளியேறிவிட்டது.

மலிவின் ரகசியம்

மின்சாரக் காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாட்டரிக்குப் போகிறது. 2010-ல் ஒரு கிலோவாட்-மணி பாட்டரிக்கு 1,000 டாலருக்கு மேல் ஆயிற்று. 2024-ல் உலக சராசரி 115 டாலர். சீனாவில் அதைவிடவும் குறைவு. உலகத்துப் பாட்டரி செல்களில் முக்கால் பங்குக்கு மேல் சீனாவில்தான் தயாராகின்றன. ஃபூஜியான் மாகாணத்து நிங்டே நகரில் 2011-ல் தொடங்கிய சி.ஏ.டி.எல். கம்பெனி மட்டுமே உலகத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது.

இவர்கள் பெரும்பாலும் செய்வது இரும்பு-பாஸ்பேட் பாட்டரி. இதைக் கண்டு பிடித்தது சீனா அல்ல. 1990-களில் அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் ஜான் குட்எனஃப் குழுவினர் கண்டது. விலையேறிய கோபால்ட்டும் நிக்கலும் இதற்குத் தேவையில்லை. எடைக்கு எடை சக்தி குறைவு என்று மேலை நாட்டார் ஒதுக்கினார்கள். சீன எஞ்சினியர்களும் தொழிலாளர்களும் அதையே கையில் எடுத்து வருஷக்கணக்கில் சீர்திருத்தி, மலிவாக, தீப்பிடிக்கும் அபாயம் குறைவாகச் செய்துவிட்டார்கள்.

இன்னொன்று: பி.ஒய்.டி. பாட்டரி, மோட்டார், மின்னணுச் சில்லு எல்லாவற்றையும் தன் ஆலையிலேயே செய்கிறது. கார் ஏற்றும் கப்பல்களைக் கூடச் சொந்தமாக வைத்திருக்கிறது. ஆகவே "மான்யம்தான் காரணம்" என்று ஐரோப்பிய முதலாளி சொல்வது பாதி உண்மை. "திறமைதான் காரணம்" என்று சீன முதலாளி சொல்வதும் பாதி உண்மை. இரண்டையும் சேர்த்தால்தான் முழுக் கணக்கு.

விலைச் சண்டை

இதுவரை கேட்டு மூத்த தோழர் மகிழ்ச்சியாகத் தலையாட்டுகிறார். இனி வருவதையும் அவர் கேட்க வேண்டும்.

மின்சாரக் கார் லாபமான தொழில் என்று தெரிந்ததும் மாகாணத்துக்கு மாகாணம், நகரத்துக்கு நகரம் ஆலை கட்டப் போட்டியிட்டன. நிலம் கொடுத்தார்கள், கடன் கொடுத்தார்கள், பங்குப் பணமும் போட்டார்கள். 2020-ல் திவாலாகும் நிலையிலிருந்த நியோ கம்பெனியை ஹெஃபெய் நகர நிர்வாகம் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தியது. அது பலித்ததைப் பார்த்த மற்ற நகரங்களும் நமக்கும் ஒரு கம்பெனி வேண்டும் என்று இறங்கின. நூற்றுக்கு மேற்பட்ட மார்க்குகள் சந்தைக்கு வந்தன. வாங்கக் கூடியவர்களுக்கு எத்தனை வண்டி வேண்டுமோ அதைவிட எவ்வளவோ அதிகம் செய்யக்கூடிய ஆலைகள் எழுந்துவிட்டன. பல ஆலைகள் பாதித் திறனில் ஓடுகின்றன.

ஆலை நின்றால் நஷ்டம். ஓடினால் சரக்கு தேங்கும். தேங்கினால் விலையை வெட்ட வேண்டும். ஒருவன் வெட்டினால் மற்றவனும் வெட்ட வேண்டும். 2023 ஜனவரியில் டெஸ்லா தொடங்கி வைத்த விலைச் சண்டை மூன்று வருஷம் ஓயவில்லை. 2025 மே மாதத்தில் பி.ஒய்.டி. ஒரே நாளில் 22 ரகங்களின் விலையைக் குறைத்தது. ஒரு ரகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வெட்டு. கிரேட் வால் கம்பெனியின் தலைவர் வெய் ஜியான்ஜுன் அதே மாதம் வெளிப்படையாகவே எச்சரித்தார்: வீடு கட்டும் தொழிலில் கவிழ்ந்த எவர்கிராண்டைப் போன்ற ஒன்று மோட்டார் தொழிலிலும் இருக்கிறது, இன்னும் வெடிக்கவில்லை என்றார். இதற்குச் சீனத்தில் "நெய்ஜுவான்" என்று பெயர் சொல்கிறார்கள். எல்லோரும் மேலும் மேலும் உழைத்தும் ஒருவரும் முன்னேறாமல் உள்ளுக்குள்ளேயே சுருண்டு போவது என்று அர்த்தம்.

விற்பனைக் கணக்கை உயர்த்திக் காட்டப் புதுக் காரைப் பதிவு செய்து, ஒரு கிலோமீட்டர் கூட ஓடாத அதையே "பழைய கார்" என்று மலிவாகத் தள்ளும் வேலையும் நடந்தது.

இந்தச் சண்டையின் செலவை யார் சுமந்தது? முதலில் சிறிய பாக உற்பத்தியாளர்கள். சாமானை வாங்கிக் கொண்டு மாதக் கணக்கில் பணம் தராமல் கடன் சீட்டு கொடுத்தார்கள். பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்துவிட்டு பில் பாஸ் ஆகுமா என்று காத்துக் கிடக்கும் வேதனையை அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரைக் கேட்டால் சொல்வார். 2025 ஜூனில் சர்க்கார் அதட்டிய பிறகே 17 கார் கம்பெனிகள் 60 நாளைக்குள் பணம் தருவதாக வாக்குக் கொடுத்தன.

அடுத்துச் சுமந்தவன் தொழிலாளி. வெய்மா கம்பெனி 2023-ல் திவாலாயிற்று. 2024 டிசம்பரில் ஜியுயே கம்பெனி திடீரென முடங்கியது. ஊழியர்கள் தங்கள் சமூகக் காப்பீட்டுப் பணம் என்னவாயிற்று என்று தலைமை அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். 2025-ல் நேட்டா கம்பெனி திவால் வழக்குக்குப் போயிற்று. அதே வருஷம் ஊஷி நகரத்து பி.ஒய்.டி. ஆலையில் வருமானம் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

லாபத்தையும் பாருங்கள். சீன மோட்டார் தொழிலின் லாப விகிதம் நூற்றுக்கு நான்கு சொச்சமாக இறங்கிவிட்டது. முதலிடத்து பி.ஒய்.டி.க்கே 2025-ன் மூன்றாம் காலாண்டில் நிகர லாபம் முந்தைய வருஷத்தைவிட மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. உலகத்தில் யாரையும்விட அதிகமாக மின்சாரக் கார் விற்கிறவனுக்கு லாபம் சுருங்குகிறது! உபரி உற்பத்தி என்ற நோய்க்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

சுங்கச் சுவரும் அதைத் தாண்டும் வழியும்

உள்நாட்டில் லாபமில்லை என்றால் வெளிநாடு. வெளிநாட்டிலோ சுவர் எழுப்புகிறார்கள். அமெரிக்கா 2024 செப்டம்பரில் சீன மின்சாரக் காருக்கு நூற்றுக்கு நூறு வரி போட்டது. ஐரோப்பிய யூனியன் 2024 அக்டோபரில் ஏற்கெனவே உள்ள நூற்றுக்குப் பத்து வரிக்கு மேல், பி.ஒய்.டி.க்கு 17, கீலிக்கு 18.8, எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3 என்று கூடுதல் வரி விதித்தது. பிரேஸில் தன் இறக்குமதி வரியைப் படிப்படியாக 35-க்கு உயர்த்தும் ஏற்பாட்டைச் செய்தது. சுதந்திர வர்த்தகம் என்று நமக்கெல்லாம் பாடம் நடத்தியவர்கள், தங்கள் சந்தைக்கு ஆபத்து என்றதும் முதல் ஆளாகக் கதவைச் சாத்துகிறார்கள்.

மூலதனம் என்ன செய்யும்? சுவருக்கு உள்ளேயே போய் ஆலை கட்டும். தாய்லாந்தில் ரயோங்கில் பி.ஒய்.டி. ஆலை 2024 ஜூலையில் திறந்தாயிற்று. ஹங்கேரியில் செகெத் நகரத்தைத் தேர்ந்தெடுத்தது. பிரேஸிலில் பஹியா மாநிலத்துக் கமசாரி நகரில் 2025-ல் உற்பத்தி தொடங்கிற்று.

கமசாரிக் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அது ஃபோர்டு கம்பெனியின் பழைய ஆலை. 2021 ஜனவரியில் ஃபோர்டு அதை மூடுவதாக அறிவித்தது. அதே வருஷம் செப்டம்பரில் அதே ஃபோர்டு நம் மறைமலை நகர் ஆலையையும் மூடுவதாக அறிவித்ததை இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கமசாரித் தொழிலாளர்கள், சீனாக்காரன் வருகிறான், மறுபடி வேலை கிடைக்கும் என்று நம்பிக் காத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் பிரேஸில் தொழிலாளர் அதிகாரிகள் அந்தக் கட்டுமானத் தளத்துக்குள் போய்ப் பார்த்தபோது, ஒப்பந்தக்காரர் ஒருவர் சீனாவிலிருந்து கூட்டி வந்த 163 தொழிலாளர்கள் அடிமைக்கு நிகரான நிலையில் இருந்ததாக அறிவித்தார்கள். பாஸ்போர்ட்டுகள் பிடித்து வைக்கப்பட்டிருந்தன. படுக்க மெத்தை கூட இல்லாதவர்கள் இருந்தார்கள். பி.ஒய்.டி. அந்த ஒப்பந்தக்காரருடன் உறவை முறித்துக் கொண்டதாகச் சொன்னது. ஆனால் வேலை வாங்கியவன் ஒருவன், கூலி கொடுப்பவன் இன்னொருவன் என்ற ஒப்பந்த முறையின் லட்சணம் எந்த தேசத்துக் கம்பெனியானாலும் ஒன்றுதான். காண்ட்ராக்ட் தொழிலாளியாக வேலை பார்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி என்ன?

சந்தையின் போக்கைப் பற்றி என் முடிவுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உள்நாட்டில் அதிவேக வளர்ச்சிக் காலம் முடிகிறது. விற்பனையில் பாதியை எட்டியாயிற்று. 2026 ஜனவரி முதல் வாங்கும் வரியில் முழு விலக்கு போய்ப் பாதி வரி வந்துவிட்டது. 2025 அக்டோபரில் வெளியான புதிய ஐந்தாண்டுத் திட்டப் பரிந்துரைகளில், கேந்திரத் தொழில்கள் பட்டியலில் மின்சார வாகனம் இல்லை. குழந்தை நடக்கக் கற்றுவிட்டது, இனித் தூக்கி வைத்திருக்க மாட்டோம் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, பெரும்பாலான மார்க்குகள் மறையும். பாட்டரியும் பாகங்களும் சொந்தமாக உள்ளவன், அல்லது சர்க்கார் முதுகுப்பலம் உள்ளவன், அல்லது லீப்மோட்டார் போல மலிவு விலையில் லாபம் காணத் தொடங்கியவன் நிற்பான். மற்றவர்கள் இணைப்பிலும் திவாலிலும் போய்ச் சேருவார்கள். போட்டியின் முடிவில் ஏகபோகம் பிறப்பது பழைய விதி.

மூன்றாவது, வெளிநாட்டு விற்பனை வளரும். பி.ஒய்.டி. 2024-ல் வெளிநாட்டில் விற்றது நாலு லட்சத்துச் சொச்சம். 2025-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. லத்தீன் அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியா, மத்திய ஆசியா ஆகியவையே முக்கியக் களங்கள். ஆனால் கப்பலில் போகும் வண்டி மெல்லக் குறைந்து, அங்கங்கே கட்டிய ஆலையில் செய்யும் வண்டி கூடும்.

நான்காவது, கார் மார்க்கு எதுவானாலும் பாட்டரிக்கும் காந்தத்துக்கும் உலகம் சீனாவை அண்டித்தான் இருக்க வேண்டிய நிலை இன்னும் சில வருஷம் நீடிக்கும். 2025 ஏப்ரலில் அரிய மண் உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் ஜப்பானில் சுஸுகியின் ஸ்விஃப்ட் உற்பத்தி நின்றது; சிகாகோவில் ஃபோர்டு ஆலை ஒரு வாரம் மூடிக்கிடந்தது. 1984-ல் தொழில் நுட்பம் கேட்டு நின்றவனிடம், 2023-ல் வோக்ஸ்வாகனே எக்ஸ்பெங் கம்பெனியில் பங்கு வாங்கிக்கொண்டு தொழில் நுட்பம் கேட்கிறது.

இரண்டு கேள்விகளுக்குப் பதில்

இளந்தோழரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சீனக் கார் நாளைக்கே வந்து உங்கள் வேலையைப் பறிக்காது. இங்கே இறக்குமதிக் காருக்கு வரி நூற்றுக்கு எழுபதும் அதற்கு மேலும் இருக்கிறது. பி.ஒய்.டி. ஹைதராபாத் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து ஆலை போட நூறு கோடி டாலர் திட்டத்தோடு வந்தபோது, 2023-ல் இந்திய சர்க்கார் மறுத்துவிட்டது. நம் ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் செய்தது சிறிய அளவில் பூட்டிச் சேர்க்கும் வேலைதான். இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் மின்சாரக் கார் 2025-ல் நூற்றுக்கு நாலு ஐந்துதான்.

ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடவும் வேண்டாம். உங்கள் வேலைக்கு ஆபத்து யந்திரத்தின் மாறுதலிலிருந்து வருகிறது. அதற்குத் தேசம் கிடையாது. நம் வட்டாரத்து ஹூண்டாய் ஆலையிலேயே 2025-லிருந்து மின்சார க்ரெட்டா ஓடுகிறது. தூத்துக்குடியில் வியத்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் ஆலை திறந்துவிட்டது. மின்சார மோட்டாருக்குப் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, சைலன்ஸர் இல்லை. நான் முதலில் சொன்ன இரட்டை வண்டியில் எஞ்சின் இருப்பதால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அவகாசந்தான், விடுதலை அல்ல.

ஜெர்மனியைப் பாருங்கள். வோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைக்கப் போகிறது. ஆனால் தொழிற்சங்கம் முன்கூட்டியே போராடியதால், ஆலையைத் திடீரென மூடுவதில்லை, 2030 வரை கட்டாய ஆட்குறைப்பு இல்லை என்ற வாக்குறுதியை 2024 டிசம்பரில் எழுதி வாங்கினார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஆடி ஆலையில் அப்படி முடியவில்லை. 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள்.

ஆகவே அடுத்த சம்பள ஒப்பந்தத்தில் ரூபாயை மட்டும் பேசாதீர்கள். அடுத்த ஐந்து வருஷத்துக்கு இந்த ஆலையில் என்ன பொருள் செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். புதிய வேலைக்குப் பயிற்சி கம்பெனி செலவில், வேலை நேரத்தில் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் நிரந்தரத் தொழிலாளியோடு காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயரும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆர்டர் நின்ற பிறகு கேட்டால் காது கொடுக்க ஆளிருக்காது.

மூத்த தோழருக்கு ஒரு வார்த்தை. சீனாவின் சாதனை பெரிய சாதனை. திட்டமிட்டு, பொறுமையாக, படிப்பறிவையும் உழைப்பையும் ஒன்று சேர்த்தால் பின்தங்கிய தேசம் இருபது வருஷத்தில் முன்னால் வரலாம் என்று காட்டிவிட்டார்கள். அதை மனமாரப் பாராட்டுவோம். ஆனால் ஊஷியில் வேலையை நிறுத்திய தொழிலாளியையும், கமசாரியில் மெத்தையில்லாமல் படுத்த தொழிலாளியையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டுப் பாராட்ட முடியாது. கொடியின் நிறத்தைப் பார்த்துக் கணக்கு எழுதினால் கணக்கு தப்பிப் போகும். கணக்குத் தப்பினால் தாக்குவது நம்மைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது, உங்கள் உங்கள் ஆலையில் செய்யும் பாகங்களின் பட்டியலை எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றில் எது மின்சாரக் காருக்கும் தேவை, எது தேவையில்லை என்று உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம். நமக்கு வேண்டிய சந்தை நிலவரம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.